முள்ளில் இருந்த மொட்டுகள்

1. ஐந்து இருபது

காலை ஐந்து இருபது. மாடிப் படியேறிக் கதவைத் தள்ளியதும் நான் முதலில் பார்த்தது தரையை. சாக்கு விரித்திருந்தது. அதன் மேல் ஒரு கூடை அளவுக்கு முள் குவிந்திருந்தது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம், கரும்பழுப்பு நிறம். குவியலுக்குள் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். யாரோ குங்குமச் சிமிழைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். குனிந்து ஒரு முள்ளை எடுத்துப் பார்த்தேன். அதன் அடியில் நான்கு மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நுனியில் சிவப்பு தெரிய ஆரம்பித்த மொட்டுகள்.

பிறகுதான் வாளிகளைப் பார்த்தேன். எட்டு வாளிகளில் ஆறில் நின்ற கிளைகள் பிரம்பு மாதிரி வழவழப்பாக இருந்தன. ஏழாவது வாளியிலிருந்து ஒரு கிளையை உருவிப் பிடித்துக்கொண்டு, கையில் கத்தரியோடு வேலண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா பாக்கியம். உனக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணிட்டேன்."

"அண்ணே, கத்தரியக் கீழ வைங்க."

"இன்னும் ரெண்டு வாளிதான். முடிச்சுட்டு சூடா லபேயே டீ குடிக்கலாம்."

"கீழ வைங்கண்ணே."

"எதுக்கு என்னைய உண்டியல் ஒடச்சவனப் பாக்குற மாதிரி பாக்குற?"

சாக்கின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, முள் குவியல் முழுவதையும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினேன். வெட்டுப்பூ வேலையில் எது நடந்திருந்தாலும் முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு. அந்தப் பழக்கம்தான் அன்று உதவியது.

அந்தக் கிளைகள் ரங்கூன் சைனாடவுனான லாத்தாவில் டோ சூ சூ என்ற அம்மையாரின் கடைக்குப் போக வேண்டியவை. பர்மாவில் மரியாதைக்குப் பெயருக்கு முன் மூத்த பெண்களுக்கு டோ, இளையவர்களுக்கு மா, ஆண்களுக்கு ஊ சேர்ப்போம். தேயிலையும் சீன மருந்தும் விற்கும் பழைய கடை அது. முகப்பை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். மறுநாள் சீனப் புத்தாண்டு. அன்று காலையில் கிளைகளில் பூ விரிந்து நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கடைக் கதவு திறக்கும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம்.

எங்களுக்கும் அந்த ஆர்டரில்தான் எல்லாம் இருந்தது. எங்கள் முதலாளி ஊ மணியம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்: "இது நல்லா வந்தா மாடியில உன் வேலை நடக்கட்டும். இல்லைன்னா தேங்காய் மூட்டைய ஏத்திடலாம். தேங்காய் வாடாது பாரு."

2. கீழும் மேலும்

எங்கள் கடை பபேடான் வட்டாரத்தில், மசூதிக்கும் கோயிலுக்கும் நடுவிலுள்ள குறுகலான தெருவில் இருக்கிறது. கீழ்த்தளம் மாலைக்கட்டு. கோயில் மாலை, கல்யாண மாலை, சாமான்களில் தேங்காய், கற்பூரம், வாழைப்பழம். அது ஊ மணியத்தின் தகப்பனார் காலத்திலிருந்து நடக்கிறது. மாடி நான் ஆரம்பித்தது. ஓட்டல் வரவேற்பறை, கடைத் திறப்பு, பர்மியர் வீட்டு விசேஷம், சீனர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் ஜாடி அலங்காரம். கீழே இருப்பவர்கள் அதைக் 'குச்சி நடுற வேலை' என்பார்கள். நாங்கள் அவர்களை 'நார்க் கட்சி' என்போம். சண்டை கிடையாது. மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான்.

நார்க் கட்சியின் தலைவர் வேலண்ணன். விடியும் முன்பே வந்து கோயில் மாலைகளை முடித்துவிடுவார். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. எங்கள் கடையிலிருந்து முள்ளோடு எந்தப் பூவும் வெளியே போகக் கூடாது. சாமி கழுத்துக்குப் போகிற பூ, பெண்கள் தலைக்குப் போகிற பூ, எதுவும் குத்தக் கூடாது. ரோஜாக் கட்டு வந்ததும் மடித்த தோல்துண்டை உள்ளங்கையில் வைத்துத் தண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. தோல் சிராய்ப்பில்லாமல் முள் மொத்தமும் உதிரும். ரங்கூனில் அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அவரே சொல்வார். அது உண்மை.

அன்று கோயில் மாலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஐஸ் எடுக்க மாடிக்கு வந்தவர், மறுநாள் வெளியே போக வேண்டிய கிளைகள் ஊசி ஊசியாக முள்ளோடு நிற்பதைப் பார்த்தார். மாடிப் பெண்கள் மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்தார். தோல்துண்டு அந்த முள்ளிடம் பலிக்கவில்லை. அதனால் கத்தரியை எடுத்து, தண்டை ஒட்டி, ஒவ்வொன்றாக வெட்டினார். ஒரு வெட்டுகூடப் பட்டையில் படவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

3. அந்தச் செடி

இதைப் படிக்கிற இளையவர்களுக்கு அந்தச் செடியைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பில்லில் நாங்கள் 'ஃப்ளவரிங் குவின்ஸ்' என்று போடுவோம். பேச்சில் வெறும் குவின்ஸ். அகராதியில் சீமைமாதுளை என்று பார்த்துவிட்டு அதுதான் இது என்று நினைக்க வேண்டாம். அது பழத்துக்காக வளர்க்கிற மரம். இது பூவுக்காக வளர்க்கிற புதர். உறவுக்காரர்கள், அவ்வளவுதான். இரண்டும் ரோஜாக் குடும்பம்.

எங்களுக்குக் கிளை அனுப்புகிறவர் குளிர்ந்த மலை ஊரான மேமியோவில் தோட்டம் வைத்திருக்கும் தாபா என்ற நேபாளி. முதல் ஆர்டருக்கு முன் நானே பஸ் ஏறிப் போய்ச் செடியைப் பார்த்தேன். தோள் உயரப் புதர். கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கலாக வளர்ந்திருந்தன. கையை விட்டால் ரத்தத்தோடுதான் எடுக்க முடியும். ஒரு இலைகூட இல்லை. ஆனால் பூ இருந்தது.

"இது அவசரக்காரச் செடி," என்றார் தாபா. "சட்டை போடறதுக்கு முன்னாடி நகை போட்டுக்கும்."

ஐந்து இதழ், செங்கல் சிவப்பும் ரத்தச் சிவப்பும் கலந்த நிறம். கிண்ணம் போல விரிகிறது. நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் ஒரு பிடி. காம்பு இல்லை என்றே சொல்லலாம், அதனால் பூவை எடுத்து மரத்தில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். வாசனை இல்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தத் தாள் மட்டும்தான். சிலவற்றில் மட்டும் நடுவே ஐந்து சூல்தண்டுகள் அடிப்பக்கம் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்கும். அவைதான் காய்க்கும். போன பருவத்துக் காய் ஒன்றைத் தாபா கையில் கொடுத்தார். மஞ்சள், கல் மாதிரி கெட்டி. கடித்தால் பல் கூசும். ஆனால் பூவிடம் இல்லாத வாசனை முழுவதும் காயிடம் இருந்தது. அவர் மனைவி அதைத் துணி அலமாரியில் வைப்பாராம்.

இலை பிறகு வரும். புதுத் தளிரில் இலைக்காம்பின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாகக் காது மாதிரி இரண்டு சிறு இலைகள் இருக்கும். புத்தகத்தில் இலையடிச் செதில் என்பார்கள். பல செடிகளில் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும், தெரிந்தாலும் உதிர்ந்துவிடும். இதில் நன்றாகப் பெரிதாக, அவரைவிதை வடிவில் நிற்கும். பூ இல்லாத காலத்தில் இந்தச் செடியை அடையாளம் காண நான் அதைத்தான் பார்ப்பேன்.

இனி முள். ரோஜாவின் முள் தோலில் முளைத்தது. விரலால் பக்கவாட்டில் தள்ளினால் பெயர்ந்து வந்துவிடும். அதன் அடியில் மரம் இல்லை. குவின்ஸின் முள் அப்படியல்ல. நீண்டு வளராமல் நுனி கூராகி நின்றுவிட்ட கிளை அது. தண்டின் மரம்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. கிளை என்பதால் மொட்டு வைக்கும். பூ வருவது இந்த ஆண்டுத் தளிரில் அல்ல, பழைய மரத்தில். பழைய மரத்தில் இருக்கும் குட்டைக் கிளைகளில்தான் மொட்டுகள் கொத்தாக உட்கார்ந்திருக்கும். அந்தக் குட்டைக் கிளைகளில் பாதிக்கு மேல் முள்ளாகத்தான் முடிகின்றன.

ரோஜாவில் முள்ளை எடுத்தால் ரோஜா மிஞ்சும். இதில் முள்ளை எடுத்தால் கம்பு மிஞ்சும்.

4. நார் தண்ணீர் குடிக்குமா

வேலண்ணனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து ஒரு முள்ளை எடுத்து அடியில் இருந்த மொட்டுகளைக் காட்டினேன். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். மூன்றாவதை எடுக்கவில்லை.

"முருகா," என்றார். "அத்தனையும் நானா வெட்டினேன்?"

"ஆறு வாளி."

"நான் அழுக்குன்னு நெனச்சேன் பாக்கியம். முள்ளுல ஒட்டின அழுக்குன்னு."

சற்று நேரத்தில் என் ஆட்கள் வந்தார்கள். மாடியில் என்னோடு நான்கு பெண்கள். அவர்களில் மா கைங் என்பவளுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியர். அவள் தொட்டியைப் பார்த்தாள், கம்புகளைப் பார்த்தாள், தமிழ் வராமல் பர்மியத்தில் ஏதோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சொன்னதை எழுத முடியாது.

வேலண்ணன் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். வாழைநாரை எச்சில் தொட்டு முறுக்கி, ஒரு முள்ளை எடுத்து, வெட்டிய இடத்திலேயே பொருத்தி நான்கு சுற்றுச் சுற்றினார். முடிச்சு தெரியவில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வெட்டு நடந்த அடையாளமே இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் கட்டிடுவேன். என் ஆளுங்க மூணு பேரையும் மேல கூப்பிடறேன்."

"நார் தண்ணி குடிக்குமாண்ணே?"

அவர் கட்டிய நாரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"குடிக்காது."

"மத்தியானம் வாடிடும். நாளைக்குக் காலைல அந்தம்மா கடை வாசல்ல உதிரும்."

அந்த நேரத்தில் ஊ மணியம் படியேறி வந்தார். கீழே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வாளியாகப் பார்த்தார். கத்தவில்லை. அவர் கத்தாமல் இருந்தால்தான் ஆபத்து.

"சைனாடவுன்ல துணிப்பூ விக்குது. வாங்கி ஒட்டி விட்டுடு," என்றார்.

"முதலாளி, நாம குடுக்கறதே அந்தத் தெருவுக்குத்தான். அந்தப் பூ அவங்க பக்கத்துக் கடையில தொங்கிட்டிருக்கும்."

"அப்ப ரோஜா வச்சுக் குடு."

"பூத்த கிளை கேட்டிருக்காங்க."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

என்னிடம் அதற்குள் கணக்கு இருந்தது. இரண்டு வாளி முழுதாக மிஞ்சியிருக்கிறது, உயரமாக வைக்க அது போதும். ஆறு வாளிக் கம்புகளிலும் முள் இல்லாத கணுக்களில் தண்டோடு ஒட்டிய மொட்டுகள் கொஞ்சம் தப்பியிருக்கின்றன. தொட்டியில் இருப்பவை வீணாகவில்லை. வேலண்ணனின் வெட்டு சுத்தமான வெட்டு, நசுங்காத வாய். ஒவ்வொன்றும் குட்டியானாலும் ஒரு முழுக் கிளை. நட்டால் தண்ணீர் குடிக்கும். எதில் நடுவது என்பதுதான் கேள்வி. எங்களிடம் இருந்த ஒயாசிஸ், அதாவது தண்ணீரில் ஊறவைத்துப் பூத்தண்டைச் செருகும் பச்சை ஸ்பாஞ்சு, நான்கு கட்டிதான். அதற்குள் அத்தனையும் அடங்காது.

"வாழைத்தண்டு," என்றார் வேலண்ணன்.

கோயில் அலங்காரத்துக்கு அவர்கள் வாழைமரத்தைக் குறுக்கே வில்லை போட்டு அதில்தான் பூவைச் செருகுவார்கள். ஒரு மரத்தண்டுக்குள் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். அந்த வில்லைகளைப் பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கித் தண்ணீர் ஊற்றினால் ஒயாசிஸைவிட நல்லது.

"மரம் கிடைக்குமா?"

"பின்கட்டுல ரெண்டு கெடக்கு. நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு வச்சிருந்தேன். யாபாடே, பரவாயில்ல, வேற வாங்கிக்கலாம்."

ஊ மணியம் என்னைப் பார்த்தார். "அந்தம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"நடந்ததச் சொல்லுவேன்."

"அது வேண்டாம்னு சொல்லிட்டா?"

"இன்னிக்கே சொல்லட்டும். நாளைக்குக் காலைல பாத்துட்டுச் சொல்றதுக்கு இது தேவலை."

5. டோ சூ சூ

ஒரு கம்பு, ஒரு முள், முழுக்கிளை ஒன்று. மூன்றையும் ஈர நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு லாத்தாவுக்கு நடந்தே போனேன். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் நடந்துவிடலாம். தெரு முழுவதும் சிவப்பு விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை, வாசலுக்கு வாசல் ஜெனரேட்டர் ஓடியது.

டோ சூ சூ கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தேயிலையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். பேசியது பர்மியத்தில், நான் தமிழில் எழுதுகிறேன். காகிதத்தைப் பிரித்து மூன்றையும் கல்லா மேல் வைத்தேன். அவர் கம்பை எடுத்தார்.

"இது என்ன?"

"உங்க கிளை."

"இது கம்பு."

"கம்புதான்."

"நான் கம்பா கேட்டேன் மா பாக்கியம்? கம்பு வேணும்னா என் வீட்டுத் துணிக்கொடியிலேயே இருக்கே."

நான் முழுக்கிளையைக் காட்டினேன். முள் எங்கே இருக்கிறது, மொட்டு எங்கே இருக்கிறது, வெட்டினால் எது போகும் என்று காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"எங்க கடை."

"கடைக்குக் கை முளைச்சிருக்கா? ஆள் பேரச் சொல்லு."

"எங்க கடையிலேர்ந்து முள்ளோட எந்தப் பூவும் வெளிய போகாது. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ரோஜா வாங்கினீங்களே, ஒரு முள்ளாவது குத்திச்சா? அந்த வழக்கம்தான் இதுலயும் நடந்துடுச்சு. பேரு வேண்டாம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கம்பைக் கீழே வைத்தார்.

என்ன தர முடியும் என்று சொன்னேன். வாசலின் இரண்டு பக்கமும் முழுக்கிளை வைத்த இரண்டு பெரிய ஜாடிகள். உள்ளே கல்லாவிலிருந்து பின்சுவர் வரை தாம்பாளங்களில் தாழ்வான பூப்படுகை. வெட்டுப்பட்ட கிளைகளில் மொட்டு தப்பியவை மட்டும் பின்சுவரை ஒட்டி. அவர் கேட்டதைவிட உயரம் குறையும், பூ குறையாது.

"மரம் மாதிரி நிக்கக் கேட்டேன். நீ தட்டுல வச்சுத் தர்றேங்கறே."

"ஆமா."

"நாளைக்குக் காலைல விரியுமா?"

"விரியும்."

"எப்படி இவ்வளவு தைரியமாச் சொல்றே?"

"மொட்டு நெறம் காட்டிடுச்சு. பச்சையா இருந்தா சொல்லமாட்டேன். நெறம் காட்டின மொட்டு, தண்ணி இருந்தா விரியும்."

அவர் முள்ளை எடுத்து, மொட்டை விரல்நுனியால் அழுத்திப் பார்த்தார். தேயிலை பார்க்கிற விரல்.

"எங்க அப்பா காலத்துலேர்ந்து பூ விரியாம இந்தக் கதவு திறந்ததில்ல. புதுக் கதவு வேற. விரியலைன்னா நான் கதவத் திறக்கமாட்டேன். வாசல்ல நிக்கிற ஜனங்களுக்கு நீ பதில் சொல்லு. அப்புறம் உன் கடை ஆளுங்க யாரும் இந்தத் தெருப்பக்கம் வேன் கொண்டு வரவேண்டாம்."

"சரி."

"சரின்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பயந்தாவது காட்டக்கூடாதா?" என்றார்.

6. இரண்டு வேகம்

கடைக்குத் திரும்பியபோது மாடியில் இரண்டு கட்சிகளும் ஒரே தரையில் உட்கார்ந்திருந்தன. தொட்டியிலிருந்து எடுத்ததை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: நிறம் காட்டியவை, பச்சையானவை, மொட்டில்லாத வெறும் முள். வேலண்ணன் மாலை ஊசியால் வாழைவில்லையில் துளை போட, மா கைங் முள்ளைச் செருகினாள். அவள் விரல்களில் பிளாஸ்திரி.

"அண்ணே, நீங்க முதல்லயே முள்ள எடுத்திருக்கக்கூடாதா? கை குத்துது," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வேலண்ணன் கடைசியாகச் சிரித்தார்.

மதியம் ஒரு மணிக்குத்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது. குட்டை முட்கள் வேகமாகக் குடித்துவிட்டன. தண்ணீர் ஒரு விரல் நீளம் ஏறினால் மொட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேமியோவின் குளிரிலிருந்து வந்த மொட்டு, ரங்கூன் வெயிலில், வாழைத்தண்டின் ஈரத்தில், வாய் திறக்க ஆரம்பித்தது. இந்த வேகத்தில் போனால் அன்று சாயங்காலமே முழுதாக விரிந்து மறுநாள் காலையில் இதழ் உதிரும். அதே நேரத்தில் பெரிய கிளைகள் அசையவே இல்லை. தண்டு நீளம், தண்ணீர் நுனிக்குப் போக நேரமாகும். தாம்பாளத்தை நிறுத்திவைக்க வேண்டும், ஜாடியைத் துரத்த வேண்டும்.

ஜாடிக்கு உண்டானதை நான் செய்தேன். கிளைகளின் அடியைப் புதிதாகச் சாய்வாக வெட்டி, சிலுவையாகப் பிளந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினேன். தண்ணீர் ஆற ஆற மாற்றினோம். மேலே ஈரத்துணி போர்த்தினோம்.

தாம்பாளத்துக்குக் குளிர் வேண்டும். ஃப்ரிட்ஜ் இருந்தது, மின்சாரம் இல்லை. அன்று எங்கள் பகுதிக்குக் கரெண்டு சாயங்கால முறை.

"மல்லிகைய நாங்க என்ன ஃப்ரிட்ஜ்லயா வைக்கிறோம்?" என்றார் வேலண்ணன். அவர் ஐஸ் கட்டியை உமியோடு சாக்கில் சுற்றி, மேலே வாழையிலை விரித்து, அதன் மேல் தாம்பாளத்தை வைத்தார். மொட்டின் மேல் ஐஸ் படக்கூடாது, பட்டால் கருகும். அடியிலிருந்து வருகிற குளிர் மட்டும் போதும். மல்லிகை மொட்டைச் சாயங்காலம் வரை மூடியே வைத்திருக்கிறவர்களுக்கு அது தினசரி வேலை. மூன்று மணிக்கு மொட்டுகள் அப்படியே நின்றன. பாதி வாய் திறந்தவை பாதியிலேயே நின்றன.

ஆறு மணிக்குக் கரெண்டு வந்தது. ஜாடிக் கிளையில் ஒரு மொட்டின் இதழ் லேசாகப் பிரிந்திருந்தது. நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

7. புதுக் கதவு

விடியுமுன் வேனில் ஏற்றினோம். தாம்பாளங்களை ஐஸ் சாக்கோடு கொண்டுபோய், கடையில் இறக்கியபிறகுதான் சாக்கை எடுத்தோம். வாசல் ஜாடி இரண்டிலும் கீழ்ப் பாதி விரிந்து, மேல் பாதி சிவப்பு முத்தாக நின்றது. உள்ளே கல்லாவிலிருந்து பின்சுவர் வரை தாம்பாளங்களை வரிசையாக வைத்தோம். வாழைத்தண்டு தெரியவில்லை. முட்கள் எல்லாம் மேல்நோக்கி நிற்க, அடியில் மொட்டுகள். குளிர் விலகியதும் ஒன்றன்பின் ஒன்றாக விரிய ஆரம்பித்தன. கண்முன்னே விரிந்தன என்று எழுதினால் அது மிகை. ஒரு தாம்பாளத்தை வைத்துவிட்டு அடுத்ததை வைத்துத் திரும்பினால் முதலாவது மாறியிருந்தது, அதுதான் சரி.

வெளியே இருபது, முப்பது பேர் காத்திருந்தார்கள். டோ சூ சூ புதுச் சட்டையும் தமேயின் என்ற பர்மிய லுங்கியுமாக வந்து ஒரு சுற்று நடந்தார். கல்லாவுக்குப் பக்கத்துத் தாம்பாளத்தில் குனிந்து ஒரு பூவைத் தொடப்போய்க் கையை உதறினார். விரலில் ஒரு துளி ரத்தம்.

வேலண்ணன் அவசரமாகக் கத்தரிக்குப் பையில் கையை விட்டார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"முள்ளோட வச்சிருக்கீங்களே," என்றார் டோ சூ சூ.

"முள்ளுலதான் பூ இருக்கு," என்றேன்.

அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு பூவைப் பார்த்தார். "நல்லது. வர்றவன் போறவனெல்லாம் கிள்ளமாட்டான்." பிறகு வேலண்ணன் பக்கம் திரும்பினார். "நீதானே அந்தக் கை?"

வேலண்ணன் தலையை ஆட்டினார்.

"அடுத்த வருஷமும் தட்டு வேணும். ஜாடியும் வேணும். ஜாடிக் கிளைய மட்டும் இவரத் தொடவிடாதே." சொல்லிவிட்டு அவரே போய்ப் புதுக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தார்.

நாங்கள் பபேடானுக்குத் திரும்பியபோது கடை வாசலில் ஒரு லாரி நின்றது. தேங்காய் மூட்டை. ஊ மணியம் இரண்டு நாளுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சுமை இறக்குகிறவர் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"மொதலாளி, மாடிக்கா?"

ஊ மணியம் எங்கள் முகத்தைப் பார்த்தார். காலி வேனைப் பார்த்தார்.

"மாடியில எடம் ஏது? பின்கட்டுல போடு."

8. பிறகு

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு செடியில் கத்தி வைக்கும் முன் பூ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். புது மரத்திலா, பழைய மரத்திலா, நுனியிலா, கணுவிலா. முள் என்றால் அது தோலா, கிளையா. ஒரு செடியில் சரியான கைப்பழக்கம் அடுத்த செடியில் அழிவு. சுத்தமான கை என்றால் அழிவும் சுத்தமாக இருக்கும்.

எங்கள் கடையில் அன்றிலிருந்து ஒரு மாற்றம். புதிதாக எந்தக் கிளை வந்தாலும் முதல் கிளை வேலண்ணனின் பலகைக்குப் போகும். மேலும் கீழும் எல்லோரும் நிற்க, அதை நீளவாக்கில் பிளந்து பார்ப்போம். ரோஜா இன்னமும் முள்ளில்லாமல்தான் வெளியே போகிறது.

அந்த ஆறு வாளிக் கம்புகளில் சிலவற்றை வேலண்ணன் எறிய மனமில்லாமல் மண் தொட்டியில் ஊன்றினார். ஒன்று மட்டும் வேர்விட்டது. மாடி வாசலில் இருக்கிறது. மழைக்காலத்தில் நன்றாகத் தழைக்கும், இலையடியில் அந்தக் காதுகள் தெரியும், ஆண்டுக்கு ஆண்டு முள் கூடிக்கொண்டே வருகிறது. அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். ஒரு முள்ளைக்கூட வெட்டியதில்லை. மேமியோவின் குளிர் ரங்கூனில் இல்லை. செடி இன்னும் பூக்கவில்லை.